கரிவளிச் சேமிப்பும் நிலத்தடிப் பாறையும்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் பாறைத் துண்டுகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, ஓய்வுபெற்று இதே ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். செய்திகளில் கார்பன் டைஆக்சைடு என்று வரும் கரிவளியைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பதற்கான சட்ட மசோதா 2025 மார்ச்சில் நம் மலேசிய மக்களவையில் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஜொகூரின் செகாமாட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கோயில் மண்டபத்திலும், சாப்பாட்டுக் கடையிலும், சரவாக்கின் பிந்துலுவில் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்தும் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

1. கரிவளிய மண்ணுக்குள்ள புதைக்கிறாங்களாமே, பெரிய குழி தோண்டி மூடுறதா ஐயா?

குழியும் இல்லை, குகையும் இல்லை. காய்ந்த செங்கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் செங்கல் அதை உறிஞ்சிக்கொள்கிறது அல்லவா? செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால்தான் அது நடக்கிறது. நிலத்தடி மணற்கல்லிலும் மணலுக்கும் மணலுக்கும் இடையே அப்படிப்பட்ட துளைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் குடிக்க உதவாத உப்புநீர் நிறைந்திருக்கும். கிணறு வழியாகக் கரிவளியை அந்தத் துளைகளுக்குள் செலுத்துவதைத்தான் சேமிப்பு என்கிறார்கள்.

ஆழம் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். கரிவளி 31 பாகை செல்சியசுக்கும் 7.4 மெகாபாஸ்கலுக்கும் மேலே போனால் வளியாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல், திரவம்போல் அடர்ந்தும் வளிபோல் எளிதாக ஓடியும் நடந்துகொள்ளும். அந்த நிலையில் மிகக் குறைந்த இடத்தில் அது அடங்கிவிடும். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 100 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். இந்த அலகு கீழே பலமுறை வருவதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தக் கல்லா இருந்தாலும் போதுமா?

போதாது. இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. முதலில் பார்க்க வேண்டியது நுண்துளைமை, அதாவது பாறையின் கன அளவில் துளைகள் எத்தனை விழுக்காடு என்பது. அடுத்தது ஊடுருவுதிறன், அதாவது அந்தத் துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாக இணைந்திருக்கின்றன என்பது. துளை நிறைய இருந்தும் இணைப்பு இல்லாத பாறைகள் உண்டு. களிப்பாறை அப்படிப்பட்டது. அதற்குள் கரிவளியைத் தள்ள முடியாது. ஆனால் செலுத்திய கரிவளி மேலே ஏறாமல் தடுக்கும் மூடியாக, அதாவது மூடுபாறையாக, அது மிக நல்லது.

நோர்வேயை அடுத்த வடகடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் கரிவளியைச் செலுத்தினார்கள். அங்குள்ள ஊட்சிரா மணற்படுகை 200 மீட்டருக்கும் மேல் தடிப்பானது. நுண்துளைமை 35 விழுக்காட்டுக்குக் குறையாது. உள்ளே போன வளி தாராளமாகப் பரவியதால் அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவில் ஏறவே இல்லை. அல்ஜீரியாவின் இன் சாலாவில் இருந்த மணற்கல்லோ வெறும் 20 மீட்டர் தடிப்பு. ஊடுருவுதிறன் ஊட்சிராவைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. செலுத்தும் வளிக்கு விரைவில் வழி கிடைக்காதபோது அழுத்தம்தான் ஏற வேண்டும். அங்கே என்ன நடந்தது என்பதை 5ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

3. நம்ம ஊர் மலைக்கு அடியில கொண்டாந்து போட்டுருவாங்களோ?

நம் ஊருக்குக் கிழக்கே இருக்கும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல். அதன் நுண்துளைமை பொதுவாக ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. கிந்தா பள்ளத்தாக்கில் நாம் பார்க்கும் செங்குத்தான வெள்ளைக் குன்றுகள் குகைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அவற்றுக்கு மேலே மூடுபாறை என்று ஒன்றும் இல்லை. ஆழத்தில் துளையுள்ள தடித்த பாறையும் அதன்மேல் இறுகிய மூடியும் சேர்ந்து அமைந்தால்தான் சேமிப்புக்கு ஆகும். அந்த அமைப்பு நம் பகுதியில் இல்லை.

மலேசியாவில் அது கடலுக்கு அடியில் இருக்கிறது. திரெங்கானுவுக்கு அப்பால் மலாய் வடிநிலத்து மணற்கற்கள் ஒரு வகை. சரவாக்கிற்கு அப்பால் மத்திய லுக்கோனியாவின் சுண்ணாம்புக்கல் திட்டுகள் இன்னொரு வகை. பெட்ரோனாஸ் நிறுவனத்தின் கசவாரித் திட்டம் பிந்துலுவுக்கு அப்பால், எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த கரிவளியை ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை, எரிவாயு எடுத்து முடிந்த எம்1 வயலுக்குள் செலுத்துவதற்காக வகுக்கப்பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது. சரவாக் தனக்கென்று தனி விதிகள் வைத்திருக்கிறது.

4. ஈயக்குட்டை பக்கத்துல வீடு உள்வாங்குதே, கோலாலம்பூர்ல நடைபாதையே பிளந்துச்சே, அந்த மாதிரி ஆகாதா?

2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாருக்கும் இந்த அச்சம் வரும். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பொந்துகள் இருக்கின்றன. நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது மேல்மண் அந்தப் பொந்துகளுக்குள் சரிந்துவிடுகிறது. இவையெல்லாம் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் ஆழத்து விவகாரங்கள். கரிவளி போகும் இடமோ ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், திடமான பாறைக்குள் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆழத்துப் பாறையைப் பொறுத்தவரை, அதிலிருந்து எதையாவது வெளியே எடுக்கும்போதுதான் பொதுவாக மேல்நிலம் தாழும். நோர்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் எண்ணெய் எடுக்க எடுக்க மென்மையான சுண்ணப்பாறை நசுங்கியது. கடலடி பல மீட்டர் தாழ்ந்ததால் 1987இல் மேடைகளையே 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. செலுத்தும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது.

5. அப்ப நிலம் மேல எழும்புமா?

எழும்பும், ஆனால் மில்லிமீட்டர் கணக்கில். இன் சாலாவில் 2004 முதல் 2011 வரை ஏறத்தாழ 38 லட்சம் டன் கரிவளி 1.9 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்தப்பட்டது. செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, செலுத்து கிணறுகளுக்கு மேலே பாலைவன நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருந்தது. நடந்து போகிறவருக்கு இது ஒருபோதும் தெரியாது. கட்டடத்துக்கும் இந்த அளவு பரவலான உயர்வால் தீங்கில்லை.

எவ்வளவு எழும்பும் என்பதைப் பாறையின் விறைப்பு, அழுத்தம் ஏறிய படுகையின் தடிப்பு, அதன் ஆழம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. விறைப்பான பாறை குறைவாகவே விரியும். மென்மையான பாறை அதிகம் விரியும். ஆழம் கூடக்கூட மேலே தெரியும் எழுச்சி அகன்றும் மெலிந்தும் போகும்.

இன் சாலாவில் ஆய்வாளர்களைக் கவலைப்படுத்தியது எழுச்சியின் அளவு அன்று, அதன் வடிவம். ஒரு கிணற்றுக்கு மேலே ஒற்றை மேடாக இல்லாமல், நடுவில் பள்ளமும் இருபுறமும் மேடுமாகத் தெரிந்தது. ஆழத்தில் செங்குத்தான ஒரு வெடிப்பு திறந்தால் மேற்பரப்பு இப்படித்தான் காட்டும். மூடுபாறையின் அடிப்பகுதிக்குள் வெடிப்பு ஏறியிருக்கலாம் என்று கருதி, 2010இல் செலுத்தும் அளவைக் குறைத்தார்கள். மறு ஆண்டு நிறுத்திவிட்டார்கள். மேலே இருந்த பல நூறு மீட்டர்க் களிப்பாறையைத் தாண்டிக் கரிவளி வெளியேறவில்லை. சில மில்லிமீட்டர் எழுச்சியைக் கூர்ந்து பார்த்ததால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது தெரிய வந்தது. என் தொழிலில் நான் பார்த்தவற்றுள் மிகவும் வியந்தது இதைத்தான்.

6. எதுக்கெடுத்தாலும் அழுத்தம் அழுத்தம்னு சொல்றீங்க. அழுத்தம் ஏறினா கல்லுக்கு என்ன ஆகுது?

மழைக்காலத்தில் கேமரன் மலைச்சாலையில் மண் சரிவதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் மண்ணை வழுக்க வைக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் துளைகளில் நிறைந்த நீர் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிடிக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அழுத்தம் குறைகிறது. அதனால் உராய்வு குறைகிறது. சரிவு நழுவுகிறது. ஆழத்துப் பாறைக்கும் இதே விதிதான்.

ஒரு கணக்கு போடுவோம். 2 கிலோமீட்டர் ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் பாரம் ஏறத்தாழ 46 மெகாபாஸ்கல். துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் ஏறத்தாழ 20. ஆகவே துகள்கள் தாங்களே ஒன்றன்மேல் ஒன்று சுமப்பது மீதி 26 மட்டும். கரிவளியைச் செலுத்தித் துளையழுத்தம் 5 மெகாபாஸ்கல் ஏறினால், மேலேயுள்ள பாரம் மாறாமலேயே அந்த 26 என்பது 21 ஆகிவிடுகிறது. பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய பிளவுகளின் இரு முகங்களையும் இறுக்கிப் பிடித்திருப்பது இந்த மீதி அழுத்தமே. அது தளர்ந்தால், பிளவின் குறுக்கே பல லட்சம் ஆண்டுகளாகத் தேங்கியிருந்த விசை அதை நழுவ வைக்கலாம்.

எல்லாப் பிளவுகளும் ஒரே மாதிரி நழுவுவதில்லை. கருங்கல், மணற்கல் போன்றவற்றின் பிளவில் உராய்வு அதிகம். எளிதில் நழுவாது, நழுவினால் வெடுக்கென்று நழுவும். களிமண் நிறைந்த பிளவில் உராய்வு குறைவு. சீக்கிரம் நழுவும், ஆனால் பெரும்பாலும் அதிர்வில்லாமல் மெல்ல ஊர்ந்து போகும். பிளவு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். நிலத்தின் இயல்பான நெருக்குவிசைக்கு ஏற்ற கோணத்தில் அமைந்த பிளவுதான் முதலில் அசையும்.

7. அப்ப நிலநடுக்கம் வரும்னு நீங்களே சொல்லிட்டீங்க. செகாமாட்ல வந்தது அதுதானா?

செகாமாட்டில் யாரும் கரிவளியைச் செலுத்தவில்லை. அது இயற்கையான அதிர்வு. 2015 ஜூன் 5ஆம் நாள் 18 உயிர்களைப் பறித்த சபாவின் ரானாவ் நிலநடுக்கமும் அப்படியே.

ஆனால் செலுத்துவதால் அதிர்வு வரக்கூடும் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவின் டென்வர் அருகே 1962 முதல் 3,600 மீட்டருக்கும் ஆழமான கிணற்றில் இராணுவத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் செலுத்தினார்கள். அதுவரை அதிர்வை அரிதாகவே கண்ட ஊர்கள் அடிக்கடி அதிரத் தொடங்கின. ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெயோடு வந்த உப்புநீரை ஆழத்தில் செலுத்தியதன் தொடர்பில் 2016இல் போனி நகரருகே 5.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஸ்பெயின் கடலோரத்துக் காஸ்டர் எரிவாயுக் கிடங்கு 2013இல் 4ஐத் தாண்டிய அதிர்வுகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. இவை எதுவும் கரிவளிச் சேமிப்பு அல்ல என்றாலும், பாறைக்குத் தன்னுள் ஏறும் அழுத்தம் எந்தப் பொருளால் வந்தது என்ற வேறுபாடு தெரியாது.

கரிவளியிலேயே ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமானால் இலினாய் மாநிலத்தின் டிகேட்டரைச் சொல்லலாம். 2011 முதல் 2014 வரை ஏறத்தாழ 10 லட்சம் டன் கரிவளியை மவுண்ட் சைமன் மணற்கல்லின் அடிப்பகுதியில் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கான நுண்ணதிர்வுகள் பதிவாயின. மனிதர் உணரக்கூடியது ஒன்றும் இல்லை. அவற்றில் பல, மணற்கல்லுக்குக் கீழேயுள்ள பழைய அடித்தளப் பாறையில் நேர்ந்தவை. அடுத்த கிணற்றில் அதே மணற்கல்லின் சற்று மேற்பகுதியில் செலுத்தியபோது அதிர்வுகள் பெரிதும் குறைந்தன. செலுத்தும் படுகைக்கும் அடித்தளப் பாறைக்கும் இடையே ஊடுருவாத அடுக்கு ஒன்று தடுப்பாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

8. மேல இருக்கிற மூடி உடைஞ்சிட்டா?

மூடுபாறைக்கு இரண்டு வலிமைகள் வேண்டும். அதன் துளைகள் மிக நுண்ணியவையாக இருந்து, நீரில் நனைந்த நிலையில் கரிவளியை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். அழுத்தம் ஏறினாலும் பிளக்காமல் தாங்கவும் வேண்டும். களி மிகுந்த பாறையும் உப்புப் பாறையும் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். உப்பு காலப்போக்கில் ஊர்ந்து தன் வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும். சிலிக்காவும் சுண்ணாம்பும் கலந்து இறுகிய களிப்பாறை வலிமையானதாகத் தோன்றினாலும் ஓடுபோல் வெடிக்கக்கூடியது. பார்வைக்கு உறுதியான கல்தான் நல்ல மூடி என்று எண்ணுவது தவறு.

பிளக்கும் அழுத்தத்தை முன்கூட்டியே கிணற்றில் அளந்து, அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். அமெரிக்க விதி அதில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. குளிர்ந்த கரிவளி சூடான பாறையைத் தொடும்போது பாறை சுருங்கும். அந்த இடத்தில் பாறையைப் பிடித்திருக்கும் நெருக்கம் தளர்ந்து பிளக்கும் அழுத்தமும் குறையும். மலாய் வடிநிலம் ஆழத்துக்கு ஆழம் மிகவும் சூடேறும் பகுதி என்பதால் இதை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

நோர்வேயின் ஸ்னோவிட் திட்டத்தில் 2008இல் தொடங்கிய செலுத்துதலின்போது அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. மூடி தாங்குமா என்று அழுத்தத்தை மேலும் ஏற்றிப் பார்க்காமல், 2011இல் வேறு படுகைக்கு மாறிவிட்டார்கள். சரியான முடிவு அது.

9. சுண்ணாம்புத் தண்ணியில கரிவளிய ஊதினா பால் மாதிரி ஆயி, இன்னும் ஊதினா தெளிஞ்சிருமே. சரவாக்ல இருக்கிறதும் சுண்ணாம்புக்கல்தானே, கரைஞ்சு போயிடாதா அங்கிள்?

ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டது. மிக நல்ல கேள்வி. கரிவளி நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. நம் குன்றுகளின் குகைகள் உண்டானதும் மழைநீரில் கரைந்த கரிவளியால்தான். ஆனால் குகைக்கு மழை புதிய நீரை இடைவிடாமல் கொண்டுவருகிறது. ஆழத்துப் பாறைத் துளைகளில் இருக்கும் நீரோ அங்கேயே கிடப்பது. சிறிது சுண்ணாம்பு கரைந்ததும் அந்த நீர் நிறைவுற்றுவிடும். அதற்குமேல் கரைப்பு நடக்காது.

கவலைக்குரிய இடம் செலுத்து கிணற்றின் அருகாமை. அங்கே துகள்களை இணைக்கும் சுண்ணாம்புப் பிணைப்பு கரைந்தால், துளை பெரிதாகும், பாறை மென்மையாகும், சில வேளைகளில் துளைகள் நசுங்கும். எக்கோஃபிஸ்க் சுண்ணப்பாறை, அழுத்தம் இறங்கியதால் மட்டுமின்றி, நீர் புகுந்து வலிமை குன்றியதாலும் நசுங்கியது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே சரவாக் சுண்ணாம்புக்கல்லைக் கரிவளி கலந்த உப்புநீரில் ஊறவைத்து, ஊறுவதற்கு முன்னும் பின்னும் அதன் வலிமையை ஒப்பிடும் சோதனை இன்றியமையாதது.

10. எரிவாயு இருந்த இடத்துலயே திருப்பிப் போட்டா, பழைய அழுத்தம் வரைக்கும் ஏத்தலாம்தானே? முன்ன தாங்கினது இப்ப தாங்காதா?

பொறியியல் படித்த பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள். எரிவாயுவை எடுக்கும்போது துளையழுத்தம் மட்டும் குறைவதில்லை. பாறையைப் பக்கவாட்டில் நெருக்கும் விசையும் கூடவே குறைகிறது. பிறகு கரிவளியை நிரப்பும்போது, பாறை முன்பு நசுங்கிய அளவுக்கு மீளாவிட்டால், பக்கவாட்டு நெருக்கம் பழைய அளவுக்குத் திரும்பாது. பக்க நெருக்கம் குறைந்த பாறை முன்பைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பிளக்கும். ஆகவே பழைய அழுத்தம் தானாகவே பாதுகாப்பான எல்லை ஆகிவிடாது. மறுபடியும் அளந்துதான் அறிய வேண்டும்.

எடுத்த வயலுக்கு நன்மையும் உண்டு. மூடுபாறை பல லட்சம் ஆண்டுகள் வாயுவை அடக்கி வைத்ததற்குச் சான்று அங்கேயே இருக்கிறது. பாறையின் இயல்புகள் முன்பே அளக்கப்பட்டிருக்கின்றன. அதோடு கூடவே, அந்த மூடியைத் துளைத்துச் சென்ற பழைய கிணறுகளும் இருக்கின்றன. அவற்றின் சிமெண்டு எந்த நிலையில் உள்ளது என்பது தனியே பார்க்க வேண்டியது.

11. கை நீளம் கல்லை எடுத்து லேப்ல பாத்துட்டு, பத்து கிலோமீட்டர் பாறையப் பத்தி எப்படிச் சொல்றீங்க?

இது என் தொழிலையே கேட்கும் கேள்வி. கிணற்றிலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் பாறையைக் கோர் என்போம். அதிலிருந்து 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு துண்டைக் குடைந்து, ரப்பர் உறையில் இட்டு, எண்ணெய்க் கலத்தில் வைத்துச் சுற்றிலும் ஆழத்து அழுத்தத்தைக் கொடுத்து, மேலிருந்து நசுக்குவோம். துண்டு சாய்வான ஒரு தளத்தில் பிளக்கும். எந்த அழுத்தத்தில் எந்தச் சாய்வில் பிளந்தது என்பதிலிருந்து அதன் ஒட்டும் வலிமையையும் உராய்வையும் கணக்கிடுவோம்.

இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது என்பதை நான் தாமதமாகவே கற்றேன். பாரம் நீங்கி மேலே வரும் கோரில் நுண்வெடிப்புகள் உண்டாகின்றன. களிப்பாறை காய்ந்தால் தானே பிளந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வலிமை குன்றிய பாறை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. வழியிலேயே உதிர்ந்துவிடும். நாங்கள் சோதிப்பது தப்பிப் பிழைத்த நல்ல துண்டுகளை. ஆகவே பெட்டியில் உதிர்ந்து கிடந்த பொடியையும் குறித்து வைக்கும்படி இளையவர்களிடம் வற்புறுத்துவேன். எந்த ஆழத்தில் பொடியானது என்பதே ஒரு அளவீடு.

இதனால்தான் ஆய்வுக்கூட எண்ணைத் தனியே வைத்து முடிவு செய்வதில்லை. கிணற்றுக்குள் ஒலியலை போகும் வேகம், கிணற்றுச் சுவரில் சிறிது பிளவுண்டாக்கி அளக்கும் அழுத்தம், நிலத்துக்குள் அலைகளை அனுப்பி எடுக்கும் நில அதிர்வுப் படத்தில் தெரியும் பெரும் பிளவுகள் ஆகியவற்றோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறோம்.

12. ஆபத்துன்னா உடனே நிறுத்திட்டாப் போதுமே?

நிறுத்துவது சரியே, ஆனால் நிறுத்தியவுடன் எல்லாம் அடங்கிவிடாது. கிணற்றருகே ஏறிய அழுத்தம் பாறைத் துளைகள் வழியே மெல்லப் பரவிக்கொண்டே போகும். தொலைவில் உள்ள பிளவை அது சேர்வதற்கு மாதங்கள் ஆகலாம். 7ஆம் கேள்வியில் சொன்ன டென்வரில் 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினார்கள். பெரிய அதிர்வுகள் 1967இல்தான் வந்தன. காஸ்டரிலும் 2013 செப்டம்பரில் நிறுத்திய பிறகே பெரியவை வந்தன. எனவே நுண்ணதிர்வுகள் சற்றுக் கூடும்போதே படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. உணரும்படியான அதிர்வு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும்.

13. என் மகன் பிந்துலு திட்டத்துல வேலைக்குச் சேர்ந்துட்டான். அவன் என்ன கேக்கணும், என்ன பாக்கணும்?

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததையே இங்கும் தருகிறேன். செலுத்து கிணற்றின் அடியில் இன்று அழுத்தம் எவ்வளவு, அந்தப் பாறை பிளக்கும் அழுத்தம் எவ்வளவு, அந்த இரண்டாவது எண் எந்த ஆண்டு எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதை அவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எரிவாயு எடுப்பதற்கு முன் அளந்த எண்ணை இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்றால் 10ஆம் கேள்வியில் சொன்னதைத் தன் மேலதிகாரியிடம் பணிவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, செலுத்தும் அளவு மாறாமல் இருக்கும்போது அழுத்தம் மட்டும் திடீரென்று இறங்கினால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாறை நன்றாக ஏற்றுக்கொள்கிறது என்று மகிழ்வதற்கு முன், எங்கேயோ ஒரு வெடிப்பு திறந்திருக்கிறதா என்று அன்றைய நுண்ணதிர்வுப் பதிவைப் பார்க்க வேண்டும்.